இரண்டாவது விளக்கு

“வீட்டுல நீங்க ரெண்டு பேரு மட்டும்தானேம்மா?”

பழைய மாடி வீட்டுக்குக் குடிவந்த மறுநாள், டிஜிட்டல் தொலைபேசிப் பெட்டியைக் கூடத்துச் சுவரில் முடுக்கிக்கொண்டே லைன்மேன் அவளைக் கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் இந்த லைன் தாராளம் என்றார். ஒரே கம்பியில் இரண்டு தடங்கள்; ஒன்றில் இணையம், மற்றதில் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு.

“நீங்க கம்ப்யூட்டர்ல இருக்கலாம், வீட்டுக்காரர் போன்ல கடலை போடலாம்,” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம்தான் கணவன் ஒருத்தியை மறந்துவிட்டேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தான். இன்னொரு தடவை என்றால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவளும் சொல்லியிருந்தாள்.

அவளுடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ். அந்த லைனுக்கான கார்டை அதில் பொருத்தி, கறுப்புத் திரையில் வரி வரியாகக் கட்டளை தட்டியதில் மத்தியானத்துக்குள் முதல் விளக்கு எரிந்தது. இணையம் வந்துவிட்டது.

இரண்டாவது விளக்கும் எரிந்தது.

திரையைப் பார்த்தாள். இந்த வீட்டிலிருந்துதான் யாரோ பேசிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.

இரவு வேலை முடித்து வந்த கணவன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த லைனின் போன் அவன் தலைமாட்டில். கதவில் காதை வைத்தாள். ஈரச்சுவரின் வாடை அடித்தது. உள்ளே குறட்டைகூட இல்லை.

தினமும் அவன் கதவைச் சாத்தியதும் விளக்கு எரிந்தது. கடைசியில் கேட்டே விட்டாள்.

“தூங்கிட்டு இருந்தேன்டி. சந்தேகப்பட்டே உசுரை வாங்காத,” என்றவன், போனைக் கம்பியிலிருந்து பிடுங்கி வந்து அவள் மடியில் போட்டான்.

விளக்கு அணையவில்லை.

லைன்மேனை வரவழைத்தார்கள். பெட்டிக் கோளாறுதான் என்று புதியதை மாட்டினார். அதிலும் எரிந்தது. பையிலிருந்து சோதனைப் போனை எடுத்து, அந்தத் தடத்தில் கோத்துக் காதில் வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

“யாருண்ணா?”

அவர் அவளுடைய உதடுகளையே பார்த்தார்.

“உங்க குரல்தாம்மா.”

கணவன் போனைப் பறித்தான். காதோடு அழுத்திக் கேட்டான். வெகுநேரம் கேட்டான்.



“எங்க வரணும்?” என்று அவன் கிசுகிசுத்தான். பிறகு, எதிரில் ஆள் இருப்பதுபோல் தலையாட்டினான்.

“ஏங்க, நான் இங்க இருக்கேன். அது நான் இல்ல.”

அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. போனை லைன்மேன் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் அவளை ஒருமுறை பார்த்தான்.

சுவரில் இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அவன் படியிறங்கிப் போனான்.