பன்னிரண்டாவது ஸ்பூன்

“என்னைத் திருடின்னு சொல்லிட்டாருங்க” என்று சொல்லிக்கொண்டேதான் அந்தச் சமையல்காரம்மா உள்ளே வந்தாள். அழவில்லை. அழுகையெல்லாம் தாண்டிப்போன கோபம். கைக்குட்டையைப் பிரித்து ஒரு ஸ்பூனை மேசைமேல் வைத்தாள்.

வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவள் தேடி வந்த மனிதர். எல்லோருக்கும் முத்திரைக்காரர். இப்போது வழக்குகள் வீடு தேடி வருகின்றன. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, எதற்கும் முந்திக்கொள்கிற ஆசாமி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பத்தொன்பது வருஷம் சமைச்சுப்போட்ட வீடு. வீட்டம்மா போன மாசம் தவறிட்டாங்க. தினம் அவங்க சாப்பிட்ட வெள்ளி ஸ்பூனை எனக்குன்னு எழுதி வெச்சிட்டுப் போனாங்க. ஐயா பழைய வெள்ளி சேர்க்கிறவர். பன்னிரண்டு ஸ்பூன் கொண்ட செட்டுல அது ஒண்ணு. கொடுத்தாரு. கையில வாங்கினதுமே அது இல்லைன்னு தெரிஞ்சுது. கேட்டா, நான்தான் அசலை வித்துட்டுப் போலியை நீட்டுறேன்னு நாலு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு. இனிமே யாரு என்னை அடுப்பங்கரையில விடுவா?”

முத்திரைக்காரர் லென்ஸை எடுத்தார். “முலாம்தான். வெள்ளி முத்திரை மாதிரியே குத்தியிருக்காங்க, ஆனா தர முத்திரை இல்ல. நுனியில இடது ஓரம் தேஞ்சிருக்கு. அரத்தால தேய்ச்சு, அதுக்கு மேல திரும்ப முலாம் பூசியிருக்கு.”

பிறகு ஒரு தட்டை நகர்த்தினார். “அந்தம்மாவுக்கு எப்படி வைப்பீங்களோ, அப்படி வைங்க.”

அவள் யோசிக்காமல் ஸ்பூனைத் தட்டுக்கு இடப்பக்கம் வைத்தாள்.

“பாவம், பதற்றத்துல மாத்தி வெக்கிறாங்க, அத்தான்” என்றார் மைத்துனர்.

“சும்மா இரு, மாப்ள” என்று சொல்லிவிட்டு முத்திரைக்காரர் சட்டையை மாட்டினார்.

சேகரிப்பாளர் வீட்டில் கண்ணாடி அலமாரிகளுக்குப் பஞ்சமில்லை. வெல்வெட் பெட்டியில் பதினொரு ஸ்பூன்கள், ஒரு காலிக் குழி. அலமாரிச் சாவிகள் இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று மகளிடம். மைத்துனரின் பார்வை உடனே மகள்மேல் போனது.

சமையல்காரம்மாவை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு மனுஷன் வெள்ளியைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

“தேய்மானத்தை வெச்சே ஆளைச் சொல்லிடுவேன். வலது கையால சாப்பிடுறவங்க ஸ்பூன் தட்டுல உரசி உரசி இடது ஓரம் தேயும். இடது கைக்காரங்களுக்கு வலது ஓரம். இதெல்லாம் அவளுக்கு எங்க தெரியப்போகுது?”

“உங்க மனைவிக்கு எந்தக் கை?” என்று கேட்டார் முத்திரைக்காரர்.

“இதென்ன கேள்வி? வலது கைதான்.”

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா இடது கையாலதானேப்பா சாப்பிடுவாங்க.”

முத்திரைக்காரர் முலாம் ஸ்பூனை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“இந்தப் போலியில இடது ஓரம் தேஞ்சிருக்கு” என்றார் முத்திரைக்காரர், குரலை உயர்த்தாமல். “தேய்மானத்தைப் பார்ப்பாங்கன்னு தெரிஞ்சவர்தான் மெனக்கெட்டுத் தேய்ச்சிருக்கார். ஆனா அவருக்கு அந்தம்மா எந்தக் கையால சாப்பிட்டாங்கன்னு தெரியல. பத்தொன்பது வருஷம் இடப்பக்கமா ஸ்பூன் வெச்சவங்க இந்தத் தப்பைப் பண்ணமாட்டாங்க. பெத்த பொண்ணும் பண்ணமாட்டா. மிச்சம் நீங்கதான். செட்டு குறையக்கூடாதுன்னு செத்தவங்க எழுதி வெச்சதையே அமுக்கிட்டீங்க. அது போதாதுன்னு இந்தம்மாமேல பழி.”

மகள் அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஸ்பூன் அங்கேதான் இருந்தது. வலது ஓரம் நகம்போலத் தேய்ந்திருந்தது.

“போன் போட்ட நாலு வீட்டுக்கும் இப்பவே போடுங்க” என்றாள் மகள். “நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

நான்கு அழைப்புகள். ஒவ்வொன்றிலும் மனுஷன் குரல் இன்னும் தாழ்ந்தது. முடித்ததும், “வேலைக்கு வந்துடும்மா” என்றார்.

சமையல்காரம்மா உள்ளே வந்து தன் அசல் ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றினாள். “முப்பத்தோரு வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. அவங்க கையை ஒரு நாள்கூட நீங்க பார்க்கலையே, ஐயா.”

சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரு தட்டை வைத்தாள். முலாம் ஸ்பூனை அதன் வலப்பக்கம் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.