முதன்மை ஓட்டுநர்

தம்பி அந்தக் கறுப்புக் காரை எங்கள் அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நானும் அம்மாவும் லிஃப்டில் இறங்கிப் போனோம். பகலிலும் இருட்டாக இருக்கும் இடம் அது. ஒரு ட்யூப்லைட் மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஈரச் சிமெண்ட் நாற்றத்தை மீறி, தோல் இருக்கைகளின் வாசனை வந்தது. இரண்டாம் மாடிக்காரர் தன் பழைய வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்.

"இருபத்துமூணு வயசுல எப்படித்தான் வாங்கறாங்களோ," என்றார், எங்கள் காதில் விழும்படியாகவே.

எப்படி என்று எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து எட்டு வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன். வண்டி செகண்ட் ஹேண்ட். தவணை ஏழு வருஷம். வாடகை கிடையாது, அம்மா சமைத்துப் போடுகிறாள். அப்படியும் இடிக்கிற இடம் ஒன்று உண்டு, அது இன்சூரன்ஸ். மீசை சரியாக முளைக்காத பையன் இவ்வளவு பெரிய எஞ்சினை ஓட்டுகிறான் என்றால் கம்பெனி கேட்கும் தொகை தவணையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதனால் எல்லாரும் ஒரு பொய் சொல்வார்கள். முதன்மை ஓட்டுநர் அப்பா, மகன் எப்போதாவது ஓட்டுவான் என்று படிவத்தில் எழுதிவிடுவார்கள். தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உண்மையில் யார் ஓட்டுகிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சிக்கல்தான். அப்பா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"கம்ப்யூட்டர்ல அப்பா லைசென்ஸ் இன்னும் இருக்கில்லக்கா?" என்று தம்பி என் கவுண்டருக்கே வந்து கேட்டான்.

இருந்தது. இறந்துவிட்டார் என்று லைசென்ஸ் ஆபீசுக்குப் போய்ச் சொல்ல எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. அப்பா முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. கை காட்டிய ஒருவரையும் ரோட்டில் விட்டுவிட்டு வந்தது கிடையாது. அப்படிப்பட்ட ஆளின் பேரைப் போட்டதும் தொகை மளமளவென்று இறங்கியது. மொத்த ஓட்டத்தில் முதன்மை ஓட்டுநரின் பங்கு எவ்வளவு என்று ஒரு கட்டம். நூற்றுக்குத் தொண்ணூறு என்று அடித்தேன். அவருக்குச் சம்மதமா என்று இன்னொரு கட்டம். அதிலும் டிக் போட்டேன்.

"அப்பா இருந்திருந்தா உன் காதைத் திருகியிருப்பார்," என்றேன்.

"இருந்திருந்தா எனக்குச் சாவியே குடுத்திருக்க மாட்டார். அவரே ஓட்டியிருப்பார்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

முதல் வாரத்தில் ஒரு காலை, "என் சீட்டை யார் பின்னாடி தள்ளினது? நீ காரை எடுத்தியா?" என்று கேட்டான்.

"எனக்கு சைக்கிளே ஒழுங்கா வராதுடா."

கண்ணாடியையும் யாரோ மேலே திருப்பியிருக்கிறார்கள் என்றான். அப்பா ஆறடிக்காரர். தம்பி என் உயரம்தான்.

மூன்றாவது வாரம் தம்பி வேலைக்கு நடந்தே போக ஆரம்பித்தான். ஊரே பார்க்க வாங்கிய காரைக் கீழே வைத்துவிட்டு மழையில் நடந்தான். தட்டில் போட்டதைக் கொறித்துவிட்டு எழுந்துகொண்டான். பிள்ளை யாரையோ காதலிக்கிறான் என்று அம்மா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு என் கையைப் பிடித்தான். அவன் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"என்கூட ஒரு ரவுண்டு வா. ஒண்ணும் கேக்காத. பாரு, போதும்."

சரிவில் ஏறி வெளியே வந்தபோது நல்ல மழை. மெயின் ரோட்டைத் தொட்டதும் தம்பி ஸ்டீரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டான்.

கார் போய்க்கொண்டிருந்தது.

முனையில் ஸ்டீரிங் தானாகத் திரும்பியது. விரித்த உள்ளங்கையால் மேசையைத் துடைப்பது போல ஒரே சுழற்று. அது அப்பாவின் திருப்பல். சின்ன வயதில் அவர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு முதலில் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "அப்பா," என்று கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியின் பின்சுவர் ஓரமாகக் கார் மெதுவாக நின்றது. அங்கே ஒரு ஈ காக்கா இல்லை.

பின்கதவு திறந்தது. ஈரக்காற்று கழுத்தில் பட்டது. வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

டிங், டிங், டிங்.

பின் சீட்டில் ஒருவர் பெல்ட் போடவில்லை என்று எங்களுக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. விலை உயர்ந்த கார். யார் உட்கார்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

"திரும்பாத," என்றான் தம்பி, உதடு அசையாமல்.

ரயில்வே கேட் அருகே இன்னொரு முறை நின்றது. இரண்டாவது விளக்கு. மூடிப்போன ஃபேக்டரி வாசலில் மூன்றாவது. நாள்கணக்கில் காயாத துணியின் நாற்றம் கார் முழுக்க அடைத்தது. யாரோ சில்லறையை எண்ணும் சத்தம் கேட்டது. என் இருக்கையின் முதுகில் ஒரு முழங்கால் முட்டிக்கொண்டே இருந்தது.

"தினமும் இப்படியா?"

"பத்துல ஒன்பது தடவ."

நான் அடித்த கணக்கு அது.

கடைசியில் கார் ஒரு சந்துக்குள் நுழைந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், அந்தச் சந்தைப் பார்த்ததில்லை. அங்கே கதவு மூன்று முறை திறந்து மூடியது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு அப்பா எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கோட்டுக்குள் ஒரு இம்மி விலகாமல் நிறுத்தினார்.

"ஓட்டாம விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"மூணு நாள் சாவிய அம்மாகிட்ட குடுத்தேன். நாலு மணி ஆனா நான் சீட்ல இருக்கேன். எப்படி வந்தேன்னே தெரியல." அவன் குரல் உடைந்தது. "அப்பா நம்மள ஒண்ணும் செய்ய மாட்டாருக்கா. ஆனா ஏறுறவங்க அதிகமாயிட்டே போறாங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டம் கம்மி. நேத்து நீ உக்காந்திருக்கிற சீட்டும் நெறஞ்சிடுச்சு. அப்பா யாரையும் ரோட்டுல விட்டுட்டு வர மாட்டார், உனக்கே தெரியும். இனிமே மிச்சம் இருக்கிறது என் சீட்டு மட்டும்தான்."

என் தம்பி என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தான். திங்கட்கிழமை காலை முதல் ஆளாக லைசென்ஸ் ஆபீசுக்குப் போய் அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். அங்கிருந்து என் கவுண்டருக்கு வந்து அவர் பேரை எடுத்தேன். முதன்மை ஓட்டுநர் என்ற இடத்தில் தம்பியின் பேரைப் போட்டேன். நூற்றுக்கு நூறு. ஏறின தொகையை என் சேமிப்பிலிருந்தே கட்டினேன். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

நாலே கால் மணிக்கு போன் வந்தது. முதலில் மழைச் சத்தம். அதற்குப் பின்னால் டிங், டிங், டிங்.

"அக்கா, வண்டி ஓடிட்டிருக்கு."

"அப்பா இருக்காரா?"

"இல்ல. நான்தான் ஓட்டறேன். கை ஸ்டீரிங்ல ஒட்டிக்கிச்சு, எடுக்க வரல. அதுல இருக்கிற போன் பட்டன அமுக்கித்தான் பேசறேன்."

"எங்கயாவது நிறுத்துடா."

"நிறுத்திட்டுத்தான் இருக்கேன். ஸ்டாப் ஸ்டாப்பா நிறுத்தறேன். ஏறிட்டே இருக்காங்க."

"அந்தச் சந்துக்குப் போய் இறக்கி விடு."

"மூணு தடவ சுத்திட்டேன். அங்க சுவர்தான் இருக்கு, சந்தே இல்ல. எங்க இறக்கணும்னு அப்பாவுக்கு மட்டும்தான்க்கா தெரியும்."

அப்பாவின் லைசென்ஸ் எண்ணை மறுபடி அடித்தேன். உரிமம் ரத்து செய்யப்பட்டது என்று வந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். பிள்ளைக்குக் காவலாக வந்து உட்கார்ந்தவரை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

"சீட்டுல இடமில்லக்கா," என்று கிசுகிசுத்தான். "என் தோள் மேல கை வச்சிட்டு நிக்கறாங்க. மூச்சு முட்டுது."

"எங்க இறங்கணும்னு அவங்ககிட்டயே கேளு." வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவன் கேட்பது கேட்டது.

"என்னடா சொன்னாங்க?"

"டிரைவர் எங்க இறங்கறாரோ, அங்கயே இறங்கிக்கறாங்களாம்."

நான் யோசித்திருக்கலாம். எங்காவது ஆற்றங்கரைக்கு, பொட்டல்காட்டுக்குப் போகச் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டாம், தம்பி உயிரோடு வேண்டும். "வீட்டுக்கு வந்துடுடா," என்றேன்.

நான் டாக்ஸி பிடித்து ஓடிவந்தபோது கறுப்புக் கார் பார்க்கிங்கில் நின்றிருந்தது. இன்னும் வெளிச்சம் போகவில்லை. அவன் லிஃப்டில் ஏறாமல் படியேறி வந்திருந்தான். வாசலுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தவனைக் கட்டிக்கொண்டேன். சட்டை பிழிந்தால் சொட்டும்படி நனைந்திருந்தது. ஆனால் நெஞ்சு துடித்தது. உயிரோடு இருந்தான். எனக்குக் குமுறிக்கொண்டு அழுகை வந்தது.

அம்மா கதவைச் சாத்தப் போனாள்.

சாத்தவில்லை.

கைப்பிடியைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி ஒதுங்கினாள். குறுகலான வாசலில் யாரோ உள்ளே போக வழிவிடுவது போல. ஏன் ஒதுங்குகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுபடி கதவைத் தள்ளப் பார்த்தாள். மறுபடி ஒதுங்கினாள். மூன்றாவது முறை. நான்காவது முறை.

எங்களுக்குப் பின்னால் ஹாலில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"எத்தனை பேர்டா?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

தம்பி என் தோளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "படிக்கட்டு முழுக்க நிக்கறாங்கம்மா," என்றான்.

அம்மா இன்னொரு முறை ஒதுங்கினாள்.