பாதிக் குளிர்

ஒன்பதாம் தளத்திலிருந்து திரும்பி வரும் குழாயின் மேல் பழக்கதோஷத்தில் கை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். குழாய் சில்லிட்டிருந்தது.

அது சில்லிட்டிருக்கக் கூடாது. எண்ணெய் நாற்றமும் ஈரச் சிமெண்ட் வாடையும் கலந்த அந்த அடித்தளத்தில், கட்டடம் முழுக்கக் குளிர்நீர் அனுப்பும் சில்லர் அறையில் பல வருடம் குப்பை கொட்டியவன் அவன். குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறும். ஒவ்வொரு தளத்திலும் ஆட்களின் சூட்டையும் கணினிகளின் சூட்டையும் வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பாகக் கீழே இறங்கும். அதிலும் இன்று, வெயில் கண்ணாடிச் சுவர்களைப் பிளந்துகொண்டிருந்த இந்த மாலையில், ஊர் முழுக்க மின்சாரத்துக்கு அடிதடி. நெருக்கடி தணியும் வரை பெரிய கட்டடங்கள் சில்லரைப் பாதித் திறனுக்கு மேல் ஓட்டக் கூடாது, மீறினால் இணைப்பையே துண்டிப்போம் என்று மின் நிறுவனம் சொல்லியிருந்தது. அவனேதான் இரண்டு இயந்திரங்களின் வரம்பையும் பாதிக்கு இறக்கியிருந்தான். உறுமிக்கொண்டிருந்த கம்ப்ரசர்கள் நோயாளியின் முனகலைப் போல அடங்கியிருந்தன. மேலே போகும் தண்ணீரே அரைகுறைக் குளிர்தான். போனதைவிடக் குளிர்ந்து எப்படித் திரும்பும்?

மற்ற தளங்களிலிருந்து புகார் மேல் புகார். இத்தனை நாளும் அவனை ‘ஐஸ்பெட்டி’ என்று செல்லமாகக் கூப்பிட்டவர்கள் இன்று ‘அடுப்பு’ என்று திட்டினார்கள். ஒன்பதாம் தளம் மட்டும் வாயே திறக்கவில்லை.

ஒன்பதாம் தளத்தில் அவன் மனைவி கணக்குப் பிரிவில் இருந்தாள். நிறைமாதம். இந்த வாரத்தோடு விடுப்பு.

அவளைக் கூப்பிட்டான்.

“மேல புழுக்கமா இருக்கா?”

“இல்லைங்க. நல்லா இருக்கு.”

“நல்லாவா? பாதிதானே ஓடுது.”

“நல்லா இருக்குங்க.”

அவள் குரலுக்குப் பின்னால் எதுவுமே கேட்கவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஓர் இருமல் இல்லை, நாற்காலி நகரும் சத்தம் இல்லை.

“எல்லாரும் எங்க?”

“இங்கதான் இருக்காங்க. வேலை பாக்குறாங்க.”

“வயித்துல இருக்கறவன் என்ன சொல்றான்?”

“மதியத்துலேர்ந்து அசையவே இல்ல,” என்றாள். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்பவளைப் போலச் சொன்னாள். காலையில் ஓர் உதை தவறினாலே பதறிப்போய் அவன் கையை இழுத்து வயிற்றில் வைப்பவள்.

“உடனே கீழ இறங்கி வா.”

“எதுக்குங்க? இங்க நல்லா இருக்கு.”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஒன்பதாம் தளத்துக்குப் போகும் வால்வை இறுக மூடினான். குழாயைத் தொட்டான். குளிர் குறையவில்லை. எட்டாம் தளத்துக் குழாயைத் தொட்டான். சற்று முன்பு வெதுவெதுப்பாக இருந்தது இப்போது விரலில் ஒட்டியது. ஏழு. ஆறு. ஒவ்வொன்றாக, யாரோ மாடிப்படி இறங்கி வருவதுபோல.

மேனேஜர் கூப்பிட்டார்.

“என்னப்பா மாயம் பண்ணின? இப்ப ஒருத்தனும் புகார் பண்ணல. வரம்பை ஏத்திட்டியா?”

“இல்ல சார். பாதிதான். சார், மேல என்னமோ தப்பா இருக்கு. எல்லாரையும் வெளிய அனுப்பணும்.”

“நல்லா இருக்கு. தினமும் இப்படியே ஓட்டு,” என்றார் மேனேஜர். அதே தட்டையான குரல். அவர் அறை ஆறாம் தளத்தில்.

அவன் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கம்ப்ரசர்கள் நின்றன. பம்புகளையும் நிறுத்தினான். அறை செத்துப்போனது போல அமைதி. அந்த அமைதிக்குள், சுவரை ஒட்டிய குழாய்களுக்குள், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவசரமில்லாமல். யாரும் தள்ளாமல்.

அவன் ஓடினான்.

லிஃப்டைக் கூப்பிட்டான், வரவில்லை. படிகளில் ஏறினான். படிக்கட்டு வெந்துகொண்டிருந்தது, சட்டை முதுகில் ஒட்டியது, நெஞ்சு அடைத்தது. ஒன்பதாம் தளக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபோது உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது.

உள்ளே மாலை வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. எல்லோரும் இருந்தார்கள். அவரவர் இருக்கையில். நிமிர்ந்து. கைகள் மேசைமேல்.

அவன் வாயிலிருந்து மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது.

அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

“வந்துட்டீங்களா?” என்றாள் மனைவி. சிரித்தாள். உதடுகள் நீலம்.

அவன் அவளை அள்ளித் தூக்கினான். அவள் மறுக்கவில்லை. கனக்கவும் இல்லை, இந்த மாதங்களில் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பவே அவன் திணறியிருக்கிறான். கதவை நோக்கி நடந்தபோது எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. யாரும் எழவில்லை. யாரும் தடுக்கவில்லை.

படிகள். வளைவு. படிகள். கால் இடறியது. முழங்கால் கிழிந்தது. ‘ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது’ என்று அவன் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் கன்னம் அவன் கழுத்தில் பட்ட இடம் மரத்துப்போனது.

வாசல். வெயில். அனல்.

அட்டையால் விசிறிக்கொண்டிருந்த வாயிற்காவலர் எழுந்து வந்தார். “ஐஸ்பெட்டி, என்னாச்சு? வலி எடுத்திருச்சா?”

“வண்டி கூப்பிடுங்கண்ணே. சீக்கிரம். கால்ல விழறேன்.”

அவர் ஓடினார். அவன் அவளைக் கொதிக்கும் கல் மேடையில் உட்கார வைத்து, வெயில் முழுதும் அவள்மேல் படும்படி விலகி, கைகளைத் தேய்த்தான். கால்களைத் தேய்த்தான். விரல் நுனிகளில் வாயால் ஊதினான். மெல்ல அவள் உதட்டில் நிறம் வந்தது. கண் சிமிட்டினாள். அவனை இப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

“ரொம்பக் குளிருதுங்க,” என்று சொல்லி அழத் தொடங்கினாள்.

அது அவளுடைய குரல். அவளைக் கட்டிக்கொண்டான். “போயிரும். வெயில்ல இரு. போயிரும்.”

“ஐயோ, அசையுதுங்க,” என்றாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். “அசையுது. பாருங்க.”

அவன் குனிந்தான். தளர்ந்த பருத்தி ஆடைக்கு அடியில் வயிறு ஓரிடத்தில் புடைத்து, சரிந்து, மறுபடி புடைத்தது. உள்ளிருந்து ஏதோ அழுத்தியது. அழுத்தி, அப்படியே நின்றது.

அந்த இடத்தில் துணி வெளுத்தது.

அடிக்கிற வெயிலில், துணியின் மேல், உறைபனி மெல்லப் படர்ந்தது. முதலில் உள்ளங்கை. பிறகு ஒவ்வொரு விரலாக. ஒரு சின்னஞ்சிறு கை. அவன் தன் கையை அதன்மேல் வைத்து, இருக்கும் சூட்டையெல்லாம் கொடுப்பவனைப் போல அழுத்தினான்.

விரல்கள் மூடின. அவன் கையைப் பற்றிக்கொண்டன.