போய்ட்டு வா, செவலை

புது வண்டியில் க்ளட்ச் கிடையாது. பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும்தான், இடது காலுக்கு வேலையே இல்லை. இருந்தும், கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையின் முதல் ஏற்றத்தில் வண்டி ஏறத் தொடங்கியபோது, விஜயராகவனின் இடது கால் தானாக முன்னால் நீண்டு எதையோ மிதித்தது. மிதித்தது அழுந்தியது. பாதி வரை போய் லேசாக நெருடி, பிறகு அடிவரை இறங்கி, காலை எடுத்ததும் மெதுவாக மேலே வந்தது.

வண்டியை ஓரங்கட்டி, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். இன்னும் உறை பிரிக்காத புது மேட். அதன்மேல் அவன் செருப்பில் ஒட்டி வந்த சேறு. வேறு ஒன்றும் இல்லை.

பழக்கதோஷம் என்று சொல்லிக்கொண்டான். இத்தனை வருஷம் மிதித்த கால், இல்லாததைத் தேடத்தான் செய்யும். தேடினால் கிடைத்துவிடுமா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ள நேரமும் இல்லை. மேலே நர்மதா காத்திருந்தாள்.

அவள் வெள்ளிமலையில் உறைவிடப் பள்ளி டீச்சர். எட்டாம் மாதம். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அப்புறம் பிரசவம் முடியும்வரை லீவு. காலையில் மழை இல்லாத நேரம் பார்த்து பஸ் ஏறியவள், சாயங்காலம் போன் பண்ணினாள். "பஸ்ஸு வர்லைங்க. மழ ஜாஸ்தி. வயிறு வேற இறுக்கிக்கினு இருக்குது. நீங்க வண்டிய எடுத்துக்கினு வந்துடுங்க." அதற்குமேல் பேசவிடாமல் சிக்னல் போய்விட்டது. கள்ளக்குறிச்சியில் மோட்டார் பம்புக் கடையைப் பாதி ஷட்டரோடு அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பி வந்திருந்தான்.

இந்த நிலைமைக்குத்தான் புது வண்டி வாங்கியதே. பழையது இரண்டு கதவு, இரண்டு சீட்டு. பின்னால் சீட்டு என்று ஒரு பலகை; மளிகைப் பை வைக்கலாம், மனுஷரை வைக்க முடியாது. தரையோடு தரையாகப் போகும். சிவப்பு நிறம். ரிஷிவந்தியத்தில் அவன் அப்பா வளர்த்த காளையின் பேரையே அதற்கும் வைத்திருந்தான்: செவலை. முன்விளக்கு ஒன்று உடைந்து, அதே சாமான் எங்கும் கிடைக்காமல், ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் விளக்கு போட்டு ஓட்டினான். சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுத்தான் அடங்கும். அந்த இருமலைக் கேட்டால்தான் நர்மதா தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள்.

விற்பதா வேண்டாமா என்று அவன் மாசக்கணக்கில் அல்லாடினான். அதே கம்பெனியின் புது மாடல், நாலு கதவு, ஆட்டோமேட்டிக், வெள்ளை. போய்ப் பார்ப்பான், ஓட்டிப் பார்ப்பான், வந்து செவலையின் பானட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பான். கடைசியில் நர்மதா ஒருநாள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு வண்டி வேணுமா, நாங்க வேணுமா? ஒண்ணு சொல்லுங்க."

"இன்னா கேள்வி இது? நீங்கதான்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொன்னபோது அவன் கண் வாசலில் நின்ற சிவப்பைப் பார்த்தது.

வாங்கிக்கொண்டது தங்கதுரை, வெள்ளிமலையில் மரவள்ளி வியாபாரம் செய்பவர். பிரேக், டயர், ஸ்டியரிங் என்று எல்லாவற்றையும் பார்த்துத் திருப்திப்பட்டுத்தான் எடுத்தார். அவர் சாவியைத் திருப்பும்போது விஜயராகவன் கிட்டே போய் நின்றான். பானட்டைத் தட்டினான். வீட்டிலிருந்து கிளம்பும் எதையும் நம் ஜனம் 'போ' என்று சொல்வதில்லை அல்லவா? வாய் பழகியதைத்தான் அவனும் சொன்னான்.

"போய்ட்டு வாடா, செவலை."

தங்கதுரை சிரித்தார். "இன்னா சார், வித்துட்டுத் திரும்பி வரச் சொல்றீங்க?"

விஜயராகவனும் சிரித்துவிட்டான். ஆனால் சொன்னது தப்பு என்று உடனே தோன்றியது. மாடு விற்கும்போது அவன் அப்பா அந்த வார்த்தையை மட்டும் சொல்லமாட்டார். வாயையே திறக்கமாட்டார்; முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். ஒரே ஒருமுறை, காளை செவலையைச் சந்தையில் பிடித்துக்கொடுத்தபோது, மறதியில் 'போய்ட்டு வா' என்று முதுகில் தட்டிவிட்டார். விடியும்போது அது வாசலில் நின்றிருந்தது. கழுத்துக் கயிறு அறுந்து தொங்கியது. கயிற்றில் ரத்தம். அது மாட்டின் ரத்தம் இல்லை என்று பெரியவர்கள் குசுகுசுத்ததைச் சின்னப் பையனாக இருந்த விஜயராகவன் கேட்டான். அப்போது அவனுக்கு மாடு வந்துவிட்ட சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் தங்கதுரை செத்துப்போனார். பலாமரத்து வளைவில் செவலையோடு பள்ளத்தில் விழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனுஷன், யாரிடமும் சொல்லாமல் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு மலையிறங்கி எங்கே கிளம்பினார் என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உடலை மேலே கொண்டுவந்தார்கள். வண்டியைத் தூக்க வழியில்லை, அங்கேயே கிடந்தது. பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: வண்டியின் மூக்கு கள்ளக்குறிச்சியைப் பார்த்தபடி இருந்தது.

பலாமரத்து வளைவை இப்போது ஏறும்போது விஜயராகவன் பள்ளத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஐப்பசி மழை பொழுதை முன்கூட்டியே இருட்டாக்கியிருந்தது. பாறைகளில் வழிந்த தண்ணீர் ரோட்டைக் கடந்து பள்ளத்தில் கொட்டும் சத்தம், மூங்கில் ஒன்றோடொன்று உரசும் சத்தம், எங்கோ தவளைகள். ஜன்னலை முழுக்க ஏற்றியிருந்தும் உள்ளே ஒரு வாசனை மெல்லக் கிளம்பி, அவன் சட்டையில், கையில், நாக்கில் படிந்தது. பெட்ரோலும் வெயிலில் காய்ந்த பழைய ரெக்ஸினும் கலந்த வாசனை. அவனுக்கு அதை அடையாளம் தெரிந்தது. கொஞ்ச நேரம், வெட்கக்கேடு, அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

பள்ளி வாசலில் சமையல்கார அம்மா செங்கம்மாள் நர்மதாவைத் தாங்கிப் பிடித்து, ஒரே குடையில் அழைத்து வந்தாள். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வெள்ள வண்டியா? பழைய வண்டியில வரீங்கன்னுல்ல நெனச்சேன் சார். ஏத்தத்துலேயே சத்தம் கேட்டுச்சே."

"அது பள்ளத்துல கெடக்குதும்மா."

"தெரியும் சார்." செங்கம்மாள் குடையை மடக்கினாள். பின்கதவைத் திறந்து நர்மதாவைச் சாய்த்து உட்காரவைத்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழாக இழுத்து மாட்டிவிட்டாள். "எங்கேயும் நிறுத்தாம ஆசுபத்திரிக்குப் போயிடுங்க."

"பயப்படாத" என்றான் விஜயராகவன், நர்மதாவிடம்.

"நான் இன்னா பயப்படறேன்? நீங்கதான் வேர்த்துக்கினு இருக்கீங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். வலி வந்து சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது.

இறக்கம் தொடங்கியது. மூடுபனி ரோட்டின்மேல் கிடந்தது. விளக்கு வெளிச்சம் அதில் முட்டித் திரும்பி அவன் கண்ணிலேயே அடித்தது. வைப்பர் போய்ப் போய் வந்தது. பின்னால் நர்மதா மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அவள் மூச்சு நின்றபோதும் அவன் கண்ணாடியைப் பார்த்தான். அப்படிப் பார்த்தபோதுதான் பின்னால், வெகு தூரத்தில், வளைவு ஒன்றில் வெளிச்சம் தெரிந்தது.

ஏதோ பைக் என்று நினைத்தான். பைக்குக்கு இரண்டு விளக்கு இருக்காது. இது இரண்டு. ஒன்று வெள்ளை. ஒன்று மஞ்சள்.

அவன் வேகத்தைக் கூட்டினான். வெளிச்சமும் கூட்டியது.

"இன்னாங்க, பெட்ரோல் வாசன வருது?"

"புது வண்டி. அப்படித்தான்."

"புதுசுலயா? இது நம்ம செவலை வாசனங்க."

அவன் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினான். அடுத்த வளைவில் கண்ணாடியைப் பார்த்தான். விளக்குகள் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. செவலையின் எஞ்சின் சத்தம் இப்போது அவன் காலுக்கடியில் கேட்டது. அந்தக் கரகரப்பு. அந்த அதிர்வு. ஸ்டியரிங் வழியாக முழங்கைவரை ஏறியது.

இடது கால் தானாக நீண்டது.

க்ளட்ச் இருந்தது.

இந்த முறை அவன் குனிந்து பார்க்கவில்லை. இடது கையைப் பக்கத்தில் வைத்தான். கியர் குமிழ். மரத்தால் ஆனது, அவனே இழைத்துப் பொருத்தியது. அதில் அவன் விரல் தேய்த்த பள்ளம். விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

தலைக்குமேல் கூரை தணிந்து வந்து முடியைத் தொட்டது.

"என்னங்க..." நர்மதாவின் குரல் ரொம்பக் கிட்டத்தில், அவன் பிடரிக்குப் பக்கத்தில் கேட்டது. "கால மடக்க முடியலைங்க. சீட்டு ஏன் கிட்ட வருது?"

அவனுக்குப் புரிந்தது. செவலையில் பின்சீட்டு கிடையாது. இது செவலையாகிவிட்டால் நர்மதாவுக்கு இடம் கிடையாது. ஒரு மளிகைப் பைக்குத்தான் இடம்.

"வயிறு இடிக்குதுங்க! முன்சீட்டத் தள்ளுங்க! தள்ளுங்க!"

பிரேக்கை மிதித்தான். வண்டி வழுக்கி, இழுபட்டு, நின்றது. விளக்கு வெளிச்சத்தில் பலாமரம். அதன் பட்டையில் இன்னும் ஆறாத சிவப்புப் பெயிண்ட் கீறல்.

கதவைத் தள்ளிக்கொண்டு மழையில் குதித்தான். பின்கதவுக்கு ஓடினான். கைப்பிடியைத் தேடினான். இல்லை. மறுபடி தடவினான். நனைந்த தகடு. வழவழ என்று ஒரே தகடு. கதவின் இடுக்குகூட இல்லை. மழை பட்ட மேல்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தது. அடியில் சூடாக இருந்தது, ஓடிவந்த மாட்டின் விலாவைப் போல ஏறி இறங்கியது.

"செவலை... விட்ருடா. எங்கண்ணுல்ல. அவள மட்டும் விட்ருடா."

உள்ளே நர்மதா. சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம், அதில் நசுங்கிய கன்னம், ஒரு உள்ளங்கை. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

கல்லை எடுத்துக் கண்ணாடியில் அடித்தான். கல்தான் உடைந்தது. கண்ணாடிக்குள் கன்னம் இன்னும் பரந்து வெளுத்தது. கூரையில் இரண்டு கையாலும் குத்தினான். வண்டியா நாங்களா என்று அவள் கேட்ட கேள்வி காதில் அறைந்தது. நீங்கதான், நீங்கதான் என்று அழுதான். எங்கே தப்பு செய்தோம் என்பது அப்போது அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. வரச் சொன்னதால்தான் வந்தது. சொன்ன வாயாலேயே திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

உயிரெல்லாம் திரட்டிக் கத்தினான்.

"போ! போயிடு! இனிமே திரும்பி வராத! வராத!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது.

அதிர்வு நின்றது. பெட்ரோல் வாசனை மழையில் கரைந்தது. அவன் விரல்களுக்கடியில் ஒரு மேடு எழும்பியது. கைப்பிடி. புது வண்டியின் கைப்பிடி. அவன் கை வெள்ளைக் கதவின்மேல் இருந்தது.

"நர்மதா! ஒண்ணும் இல்ல, போயிடுச்சு, போயிடுச்சும்மா" என்று சிரித்து அழுதபடி கதவை இழுத்துத் திறந்தான்.

உள்விளக்கு எரிந்தது. அகலமான பின்சீட்டு. செங்கம்மாள் மாட்டிய பெல்ட் மாட்டியபடியே இருந்தது, வயிற்றின் வளைவு கலையாமல். உள்ளே யாரும் இல்லை. சீட்டைத் தொட்டான். சூடு இன்னும் ஆறவில்லை.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாளே. அவன் 'போ' என்றபோது கண்ணாடி வழியாக அவனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே எங்கோ எஞ்சின் ஒன்று இருமியது. திரும்பினான். பள்ளத்தில், ரோடே இல்லாத சரிவில், ஒரு வெள்ளை விளக்கும் ஒரு மஞ்சள் விளக்கும் மூடுபனிக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. கள்ளக்குறிச்சிப் பக்கம் இல்லை. எதிர்ப்பக்கம்.

தினமும் காலையில் பஸ் படியில் நின்று 'போய்ட்டு வரேங்க' என்று அவள் சொல்லாமல் போனதே இல்லை. இப்போதும் சொன்னாள், கீழே அந்த விளக்குகள் போன பக்கமிருந்து. அவன் சொன்னதைக் கேட்டு நடக்கிறவள்போல், தணிந்த குரலில், பாதியை மட்டும் சொன்னாள்.

"போறேங்க."