மீன் விடாத தொட்டி

பையின் முடிச்சு அவிழவில்லை. உள்ளே போட்டிருந்த இறால்தான் இல்லை.

ஒடிலியா அந்தத் துணிப்பையை ஈரம் சொட்டச் சொட்ட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் இரண்டு பச்சை இறாலை வைத்து, வாயை நூலால் இறுக்கி, புதுக் கண்ணாடித் தொட்டிக்குள் அவளேதான் தொங்கவிட்டாள். இறால் அழுகினால் அம்மோனியா வரும், அதைத் தின்னும் நல்ல கிருமிகள் பெருகும், அம்மோனியா சுத்தமாக இறங்கிய பிறகு மீன் விடலாம் என்று மீன்கடை அடெல்மோ சொல்லியிருந்தான். ஓடு, மீசை, ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லாமல் போகும் என்று அவன் சொல்லவில்லை.

"அம்மா, சனிக்கிழமை மீன் வந்துடும்ல?" மிலேனா பள்ளிக்கூடப் பையோடு வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள்.

"வரும்டி. தொட்டி பதமாகணும்."

"தினமும் இதையேதான் சொல்ற. புளுகுணி!"

சனிக்கிழமை அவளுக்கு ஏழாவது பிறந்தநாள். அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை ஒடிலியா பெற்றுப் புதைத்திருந்தாள். நின்றது இவள் ஒருத்திதான். இவள் கேட்டால் நிலவைக்கூடப் பிடுங்கித் தொட்டியில் போட வேண்டும் என்று கிடப்பவள், மீனையா மறுப்பாள்? அப்பன் செகுந்தோ படகோட்டி. தொட்டியை வாங்கி வைத்து, ஆற்று மணலை அடியில் பரப்பிவிட்டு ஆற்றின் மேலே யூரிமாகுவாஸ் துறைமுகத்துக்குப் போனவன், அடுத்த வாரம்தான் திரும்புவான்.

அன்று சாயங்காலம் அடெல்மோ கொடுத்த சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, கூடவே வந்த இரண்டு மருந்துக் குப்பியிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்தாள். மஞ்சளாக இருந்தால் சுத்தம். பச்சை ஏற ஏற நஞ்சு. நிற அட்டையோடு ஒட்டிப் பார்த்தாள். நான்கு. இறாலும் இல்லை, மீனும் இல்லை, மறுநாள் ஐந்துக்கு மேல்.

பக்கத்து வீட்டு எவுடோசியா வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தாள். "மீனே இல்லாத தொட்டிக்கு மூணு வேளையும் பணிவிடையாடீ? உம் புருஷனுக்குக்கூட இப்படிப் பண்ணி நான் பார்த்ததில்லையே!"

"நீங்க வேற, அக்கா. எதுவுமே இல்லாம எப்படி ஏறுதுன்னு மண்டை காயுது."

அடெல்மோவின் கணக்கு எளிது: ஏறினால் பாதித் தண்ணீரை மாற்று. ஒடிலியா ரப்பர் குழாய் போட்டுப் பாதியை உறிஞ்சி எடுத்தாள். அமேசான் கரை இக்கிட்டோஸில் அவர்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் விடிகாலையில் இரண்டு மணி நேரம் வரும், அதுவும் வந்தால் உண்டு. அங்கே தண்ணீரை மண்ணில் கொட்டினால் ஏழு வீட்டுப் பெண்களின் வாயில் விழ வேண்டும். அதனால் அந்த ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். எடுத்த தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து, பின்கட்டுக் குளியலறையில் நிற்கும் இரண்டு பீப்பாய்களில் நீலப் பீப்பாயில் ஊற்றி வைத்தாள். தரை துடைக்க ஆகும், துணி அலசவும் ஆகும்.

மாற்றிய அன்று மூன்றுக்கு இறங்கியது. மறுநாள் எட்டு. அட்டையில் எட்டுக்கு மேல் நிறமே கிடையாது.

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகல் முழுக்க அவள் தொட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மணல், ஒரு வேர்க்கட்டை, கலங்காத தண்ணீர், குமிழி விடும் மோட்டாரின் முணுமுணுப்பு, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் மழை ஓய்ந்து மின்சாரமும் போய் மோட்டார் நின்ற பிறகு, அந்த அமைதியில், கண்ணாடியின் உள்பக்கம் ஏதோ உரசிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மணலில் ஒரு தடம் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது.

அன்றைக்கே இன்னொரு முறை பாதிக்கும் மேல் உறிஞ்சினாள். நடுவில் குழாய் ஒரு கணம் அடைத்துக்கொண்டது. ஏதோ கனமாக, வழவழவென்று, அவள் விரல்களுக்குள் குழாயைப் புடைக்க வைத்து நகர்ந்து போய், வாளியில் விழுந்தது. குனிந்து பார்த்தாள். வாளியில் வெறும் தண்ணீர். பாசிக்கட்டியாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அதையும் நீலப் பீப்பாயில் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சோதனைக் குழாய் மஞ்சளாக இருந்தது. பளிச்சென்ற மஞ்சள். சைபர்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கே மீன்! கையில் சோதனைக் குழாயோடு அடெல்மோவுக்குப் போன் போட்டாள்.

"எட்டு ஒரே நாள்ல சைபரா?" அவன் சிரிக்கவில்லை. "அப்படி ஆகாதுங்க. கிருமி பெருகுறதுக்கே மூணு நாலு வாரம் ஆகும். ஒரே நாள்ல இறங்குதுன்னா ஒண்ணே ஒண்ணுதான். அழுக்குப் பண்ணிட்டிருந்தது இப்ப தொட்டிக்குள்ள இல்ல."

"அதுல எதுவும் இல்லைங்கிறேனே!"

"எடுத்த தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

போன் காதில் இருக்க, அவள் பின்கட்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே பள்ளி விட்டு வந்த மிலேனா குளித்துக்கொண்டிருந்தாள். குடுவையில் மொண்டு தலையில் ஊற்றும் சத்தம் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நல்ல தண்ணீர்ப் பீப்பாய் நேற்றே காலி. இருந்தது நீலம் மட்டும்.

சத்தம் நின்றது.

ஓடினாள். திரைச்சீலையைப் பிய்த்தாள். பிள்ளை முக்காலியில் நின்றிருந்தாள். தலை முழுக்கப் பீப்பாய்க்குள். முதுகு அசையவில்லை.

இழுத்தாள். வரவில்லை. உள்ளே இருந்தும் இழுப்பு. "விடு! எம் புள்ளைய விடு!" யாரிடம் கத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பீப்பாயைத் தோளால் முட்டித் தள்ளினாள். கவிழ்ந்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடிச் சாக்கடைத் துளையில் இறங்கியது. பிள்ளை அவள் மேல் வந்து விழுந்தாள். இருமினாள். மூச்சு வந்தது. உயிர் இருந்தது.

ஒடிலியா அவளை மார்போடு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே தரையைப் பார்த்தாள். பீப்பாய்க்குள் பார்த்தாள். எதுவும் ஓடிப் போகவில்லை. எதுவும் அங்கே இல்லை.

"குடிச்சியாடி? தண்ணி வாய்க்குள்ள போச்சா?"

"நான் குடிக்கலம்மா." மிலேனா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "அதுவா உள்ள வந்துச்சு. பெருசா இருந்துச்சு."

அந்த வாயிலிருந்து அதே நெடி வந்தது.

செகுந்தோவுக்குப் போன் கிடைக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த எவுடோசியா டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று வண்டி பிடிக்க ஓடினாள். ஒடிலியா பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், அவள் கடைவாயில் வழிந்த எச்சிலைச் சோதனைக் குழாயில் பிடித்தாள். எட்டுச் சொட்டு. இன்னொரு எட்டு. அவசரத்தில் பாதி கீழே சிந்தியது. ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சொட்டு விழுந்ததுமே அட்டையில் இல்லாத ஒரு பச்சை, கிட்டத்தட்டக் கறுப்பு.

தொட்டியென்றால் பாதித் தண்ணீரை மாற்றலாம். பிள்ளையை என்ன செய்வாள்?

மிலேனா தூங்கிவிட்டாள். ஒடிலியா அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தெருவில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கைக்குக் கீழே, தோலுக்கு உள்பக்கம், ஏதோ உரசிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவள் உள்ளங்கை இருந்த இடத்தில் நின்றது.