இரண்டாவது தட்டு

தாயம்மா வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "உம்" என்று ஒரு சத்தம் வந்தது.

அடுத்த வீடு பூட்டிக் கிடந்து இருபது நாளாகிறது.

ஈரத்தில் பலகை முனகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டிய நீர் வாய்க்காலில் விழுந்துகொண்டே இருக்க, புகைக்கூடத்து ரப்பர் ஷீட்டு வாடை ஈரக் காற்றோடு உள்ளே வந்து மண்ணெண்ணெய் விளக்கின் சுடரைச் சாய்த்தது.

லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளின் நடுப்பலகை கூரை வரைக்கும் போவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. இருமலும் சண்டையும் அதன் வழியாகத்தான் போய்வரும். குழம்புக் கிண்ணம் கைமாறுவதும் அப்படித்தான். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஆறு மணிக்கு மேல் யாரும் வாசல் தாண்டக்கூடாது என்று ஊரடங்கு வைத்தபிறகு கதையும் அந்த வழியில் போனது. இந்தப் பக்கம் தாயம்மா துப்பறியும் நாவல் படிப்பாள். அந்தப் பக்கம் எழுத்துத் தெரியாத ராக்கம்மா உம் கொட்டுவாள்.

"குத்தவாளி யாருன்னு இப்பவே சொல்லட்டாக்கா?" என்பாள் தாயம்மா.

"சொல்லுடி. போன தடவ டாக்டரம்மான்னு சொன்னே. பாவம், அடுத்த பக்கத்துலயே அவளக் கொன்னுட்டானுங்க."

இரண்டு பேரும் தனிக்கட்டை. சிரிப்பதற்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

இன்றைய புத்தகம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் மனைவி எல்சி மத்தியானம் கொடுத்தது.

"தாயம்மாக்கா, இத நீங்க படிச்சே ஆகணும் லா. கடைசிப் பக்கம் வரைக்கும் யாருன்னே தெரியல எனக்கு."

"இருபது பக்கத்துல சொல்லிருவேன், பாரு."

"நீங்க போலீசுல இருக்க வேண்டிய ஆளு!"

எல்சி சிரித்தாள். தாயம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் பட்டாளத்துக்காரர்கள் வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுக்கிற ஆள் யார் என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எழுதுகிறவர் பேர் வேண்டாம். ராக்கம்மா வீட்டில் தினமும் விளக்கு வைத்தபிறகு இரண்டு தட்டு வைக்கும் சத்தம் தாயம்மாவுக்குக் கேட்கும். தனியாளுக்கு எதற்கு இரண்டு தட்டு? எல்லா நாவலிலும் இப்படி ஒரு சின்ன விஷயத்தில்தான் ஆள் சிக்குவான். இந்த ஒரு தடவையாவது தன் கணக்குச் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் ராக்கம்மா பேரை எழுதினாள்.

ராக்கம்மாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தடுப்பு முகாமில் பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சொன்னார். வீட்டைக் காலி செய்தபோது மூலையில் அவள் புருஷன் படம் இருந்தது. படத்துக்கு முன்னால் அந்த இரண்டாவது தட்டு, காய்ந்த சோற்றோடு. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். செத்தவனுக்குத் தினமும் படைத்திருக்கிறாள்.

அந்தத் தாளை எழுதியது யார் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரியவே கூடாது.

தாயம்மா பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் நாலு வரி படித்து, வேண்டுமென்றே நடுவாக்கியத்தில் நிறுத்தினாள்.

"உம்."

இந்தத் தடவை பலகைக்கு மிகக் கிட்டத்தில்.

புத்தகத்தை மூடினாள். டொக், டொக். விரல் முட்டியால் பலகையைத் தட்டுகிற சத்தம். தாயம்மா படித்தபடியே கண்ணயர்ந்தால் ராக்கம்மா தட்டுகிற மாதிரியே.

ஓடலாம். ஆனால் வெளியே போனால் கம்பி ஓரத்தில் நிற்கும் காவல்காரன் யார் என்று கேட்கமாட்டான், சுடுவான். கூப்பிட்டால்? என்ன சொல்லிக் கூப்பிடுவது?

திரும்பவும் புத்தகத்தை விரித்தாள். படித்தாள். படிக்கிறவரைக்கும் வெறும் "உம்"தான் வந்தது. நிறுத்தினால் வேறு ஏதாவது கேட்கும். அதனால் நிறுத்தாமல் படித்தாள். விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

எட்டுப் பக்கம் மிச்சம்.

மூன்று.

ஒன்று.

துப்பறிகிறவர் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பேரைச் சொல்லி முடித்தார். தாயம்மா அந்தப் பேரைப் படித்தாள்.

உம் வரவில்லை.

சொட்டுச் சத்தமும் நின்றிருந்தது.

"அது கெடக்கட்டும்," என்றது சுவருக்கு அப்பால் இருந்த குரல். கோபமே இல்லாத, பழகிய குரல். "நீ சொல்லுடி. யாரு?"

தாயம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டொக், டொக். மறுபடியும் டொக், டொக்.

"நாந்தாக்கா," என்றாள். "நாந்தான் எழுதுனேன்."

பிறகு மெதுவாக, திருப்தியாக,

"உம்."

அந்தப் பக்கம் தரையில் ஒரு தட்டு வைக்கும் சத்தம்.

இரண்டாவது தட்டு வைக்கும் சத்தம் கேட்கவில்லை.

கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. தாயம்மா தலையைத் தூக்கினாள். பலகைக்கு மேலே இருந்த ஒரு முழ இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. அதில் தட்டு. தட்டில் ஆவி பறக்கும் சோறு. எத்தனையோ நாள் குழம்புக் கிண்ணம் நீட்டிய அதே கை.

அவள் வாங்கவில்லை. கை போகவும் இல்லை.

பிறகு இன்னொரு கை வந்தது. பலகை விளிம்பில், தட்டுக்குப் பக்கத்தில், படத்துக்கு முன்னால் படைக்கிற மாதிரி, சிந்தாமல், ஒரு செம்புத் தண்ணீரை வைத்தது.