கார் முழுக்க இரும்பு

வீடு திரும்பும் வழியில் விட்பி நகரைத் தாண்டும்போதுதான் மரியரட்ணம் கவனித்தான். பண்ணையில் வாங்கும்போது கல்லு மாதிரி உறைந்து கிடந்த மான் இறைச்சிப் பொதி, பக்கத்து சீற்றில் இளஞ்சூடாக இருந்தது. காரின் ஹீட்டர் பழுதாகி ஒரு மாதமாகிறது. உள்ளே மூச்சு விட்டாலே புகை வருகிற குளிர்.

விடியப்புறம் பேக்கரி வேலை, அது முடிந்த கையோடு இந்த ஓட்டம். இறைச்சி ஏன் சூடானது என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோய், மூன்றாவதுதான் ஏழு மாதம் தங்கியிருக்கிறது. வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்த மனைவி கிறிஸ்ரினா மான் இறைச்சி வேண்டுமென்று கேட்டால் அவனால் எப்படி இல்லையென்று சொல்ல முடியும்?

விடியமுன் அவன் வேலைக்குப் புறப்படும்போது அவள் ஓர் இரும்பாணியை நீட்டினாள்.

"பச்சை இறைச்சிக்குப் பின்னால கண்ட காத்துக்கறுப்பும் வரும். இதைப் பைக்குள்ள போட்டுக்கொண்டு வாங்கோ. வயித்தில பிள்ளையோட இருக்கிறனப்பா."

"கார் முழுக்க இரும்புதானே, உந்த ஒரு ஆணியோ எங்களைக் காப்பாத்தப்போகுது?" என்று சிரித்தான். ஆணி சமையலறை மேசையிலேயே கிடந்தது.

நெடுஞ்சாலையில் மார்கழி அந்தி சட்டென்று இறங்கியது. இறைச்சியின் வாடையோடு வேறொரு மணமும் மெல்ல மெல்லக் காருக்குள் நிறைந்தது. இரண்டாவது பிள்ளை போன அன்று ஆஸ்பத்திரி அறையில் அவன் முகர்ந்த அதே மணம். வெளியே கதவுத் தகட்டை யாரோ நகத்தால் வருடிக்கொண்டு கூடவே ஓடிவருவது போன்ற சத்தம், வேகம் கூட்டினால் கூடி, குறைத்தால் குறைந்து, வீடிருக்கும் வோபர்ன் வரைக்கும் விடவேயில்லை. சில்லுக்கு மேலே பனிக்கட்டி உரசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நம்பவும் பார்த்தான்.

அபார்ட்மென்ற் வாசலில் என்ஜினை நிறுத்தினான். வருடலும் நின்றது. இறைச்சிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இரும்பு முழுவதும் காரோடு நின்றுவிட்டது.

பொதியைத் திரும்ப உள்ளே எறிந்துவிடலாமா? வெறுங்கையோடு போனால் அவள் முகம் வாடிப்போகும். மறுபடி யோசிக்க உடம்பில் தெம்பில்லை. நடந்தான்.

பனியில் அவனுடைய சப்பாத்துச் சத்தம். அதற்குப் பின்னால் இன்னொன்று. சப்பாத்தில்லாத காலின் சத்தம்.

லிஃப்றில் தனியாகத்தான் ஏறினான். பிடரியில் ஈர மூச்சு. திரும்பிப் பார்க்கவில்லை. நடைவழி. வீட்டுக் கதவு. தட்டினான்.

கிறிஸ்ரினா திறந்தாள். அவன் தோளுக்கு மேலால் பார்த்தவளின் முகம் மலர்ந்தது.

"ஆரப்பா உவ? காலில செருப்புமில்லாமல்... உள்ளுக்கு வாங்கோவன் அக்கா, ஏன் வெளியில நிக்கிறியள்?"

வேண்டாம் என்று கத்த நினைத்தான். அதற்குள் அவள் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

கம்பளத்தில் ஈரக் கால்தடம் ஒன்று. இன்னொன்று. அவனைக் கடந்தது. கையிலிருந்த பையைத் தொடக்கூட இல்லை.

கிறிஸ்ரினா சிரித்த முகத்தோடு அப்படியே நின்றாள். வயிற்றின் மேல் அவளுடைய சட்டைத் துணி, ஐந்து விரல் பதிந்தாற்போல், மெல்ல உள்ளே அமுங்கியது.